பாதிச் செலவு யாருடையது?

புதுச்சேரி என்றதும் கடலோரப் பிரெஞ்சு வீதிகளே நம் நினைவுக்கு வரும். கால்வாய்க்கு மேற்கே தமிழர் வீதிகளும் உண்டு. தெருவில் போவோர் நிழலுக்கு ஒதுங்கத் தாழ்வாரம், வந்தவர் அமரத் திண்ணை, ஓட்டுக்கூரையைத் தாங்கும் மரத்தூண்கள் என அவ்வீடுகளின் அழகே தனி. ஆனால் ஓடு மாற்றவும், கரையான் அரித்த தூணை மாற்றவும், சுண்ணாம்புக் காரை பூசவும் பணம் வேண்டுமே! இடித்துவிட்டு மாடி கட்டினால் வாடகை வரும். வீட்டுக்காரரை நாம் எப்படிக் குறை கூறுவது?

வைசியாள் வீதியில் இதற்கு ஒரு வழி கண்டனர். (கல்வே சுப்பராய செட்டி வீதி என்பது அதன் முழுப்பெயர், அவ்வளவு நீளமாக யார் அழைப்பார்!) 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன், இன்டாக் அமைப்பினர் அங்கு சுமார் 20 வீடுகளின் முகப்பைப் புதுப்பித்தனர். செலவில் பாதியைத் திட்டம் ஏற்றது. மறுபாதியை வீட்டுக்காரர் ஏற்றார். 2008இல் அவ்வீதிக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. முழுவதையும் இலவசமாகக் கொடுக்காதது நல்லதே என்று நாம் கருதுகிறோம். தம் பணத்தைப் போட்டவர் பின்னும் கவனிப்பார். ஆயினும், மறுபாதிக்கும் வழியில்லாதவர் என்ன செய்வார்?

அதே ஊரில், 'மேரி' எனப்படும் பழைய நகர மண்டபம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் கடனுதவியால் சுமார் 15 கோடி ரூபாயில் பழைய வடிவிலேயே கட்டி, 2021இல் திறந்தனர். அது அரசுக் கட்டடம், கடன் கிடைத்தது. திண்ணை வீட்டுக்காரருக்கும் குறைந்த வட்டியில் தவணைக் கடன் கிடைத்தால், விழுமுன்பே அவர் தூணை மாற்றிக்கொள்வார் அல்லவா?