வெண்டைக்காய் அச்சில் பொங்கல் வாழ்த்து

கடையில் வாங்கும் வாழ்த்து அட்டையில் யாரோ எழுதின வரிதான் இருக்கும். நம்ம கையாலேயே செய்யலாம், வாங்க!

தேவையான பொருட்கள்: கெட்டி அட்டை, வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, போஸ்டர் கலர், ஸ்பாஞ்ச் துண்டு 2.

செய்முறை:

1. அட்டையை இரண்டாக மடிக்கவும். தண்ணீர் கலந்த மஞ்சளை மேலிருந்து நடுவரை ஸ்பாஞ்சால் ஒற்றவும். ஈரம் காயும் முன்னே கீழிருந்து சிவப்பை ஒற்றவும். இரண்டும் சேருற இடம் ஆரஞ்சு ஆகும். விடியற்கால வானம் மாதிரி!

2. நல்லா காயட்டும். ஈரத்தில் அச்சு வச்சா கலர் பரவிடும்.

3. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் 5 அறை உள்ள பூ தெரியும். கொழகொழப்பைத் துணியால் துடைத்து, கெட்டியான நீலத்தில் தொட்டு ஒற்றவும்.

4. உருளைக்கிழங்கில் எழுத்தும் வெட்டலாம். ஆனால் இடம் வலமா மாறித்தான் விழும். 'ப' மாறாது, 'ட' மாறிடும். அதனால கண்ணாடியில் தெரியுற மாதிரி வெட்டணும். கத்தியைப் பெரியவங்ககிட்ட கொடுங்க.

உள்ளே 2 வரி சொந்தமா எழுதுங்க. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போயிட்ட தோழி இருந்தா, முதல் அட்டை அவளுக்கு. "உன் இடம் இன்னும் இருக்கு, வா" என்று எழுதினாலே போதும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி