கணிப்பொறிக்கும் மூச்சுக் காற்று வேண்டும்



மேசைக் கணிப்பொறியின் பெட்டிக்குள் ‘பவர் சப்ளை’ என்னும் சிறு பெட்டி ஒன்று உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது இதுவே.

இதை வாங்குமுன் இடத்தை அளக்க வேண்டும். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறைப்படி இதன் அகலம் 150 மி.மீ., உயரம் 86 மி.மீ. நீளமோ 140 மி.மீ. அல்லது அதற்கு மேலும் இருக்கும். வயர்கள் வளையவும் இடம் வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டால் பெற்றோரின் பணம் வீண்!

இனி, விசிறிகளைக் காண்போம். சூடான காற்று மேலே எழும். ஆகவே முன்புற விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்புற, மேற்புற விசிறிகள் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஓடும் விசிறியருகே, பெட்டிக்கு வெளியே, மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் திசை புரியும்.

பவர் சப்ளை அடியில் இருந்து, கீழே காற்றுத் துளைகளும் இருந்தால், அதன் விசிறி கீழ்நோக்கட்டும். துளை இல்லையேல் மேல்நோக்கட்டும். பெட்டியைக் கம்பளத்தின்மேல் வைத்தால் துளை அடைபடும்.

பஞ்சாலைகள் மிகுந்த நம் கோவையில் பஞ்சுத் தூசி வலைகளை விரைவில் அடைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரே அவற்றைத் துடையுங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள்! மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அளந்து வாங்குவோம், காற்றுக்கு வழிவிடுவோம், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம்.