குளம் சூடாகவில்லை என்றால் ஹீட்டர் விற்றவர் பொறுப்பா?

கேள்வி: கொடைக்கானலில் ஒரு வீட்டு நீச்சல் குளத்துக்குச் சென்னை நிறுவனம் ஒன்று 4 லட்சம் ரூபாய்க்கு எரிவாயு ஹீட்டர் விற்று, பொருத்தியும் கொடுத்தது. ஹீட்டர் எரிகிறது, ஆனால் குளத்துத் தண்ணீர் சூடாவதாகத் தெரியவில்லை. வந்து பார்த்த கம்பெனி மெக்கானிக் ‘மெஷினில் கோளாறு இல்லை’ என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட முடியுமா? வீட்டின் ஒரு பகுதி சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுவது வழக்கைப் பாதிக்குமா?

பதில்: எரிவாயு ஹீட்டர் குளத்தைச் சூடாக்காமல் போவதற்கு மூன்று விதமான காரணங்கள் உண்டு. மெஷினிலேயே கோளாறு இருக்கலாம். மெஷின் நன்றாக இருந்தும் அந்தக் குளத்துக்கும் அந்த ஊருக்கும் போதாமல் இருக்கலாம். அல்லது எரிவாயு, பம்பு, ஃபில்டர் பக்கம் குறை இருக்கலாம். முதலாவது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(10) கூறும் பொருள் குறைபாடு. இரண்டாவது, தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரின் பிழை. அது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. மூன்றாவது, பொருத்தியவரைச் சேரலாம், குளத்தைப் பராமரிப்பவரையும் சேரலாம். எது என்று தெளியாமல் ‘ஹீட்டர் பழுது’ என்று மட்டும் மனு எழுதினால், எதிர்த்தரப்பு பர்னர் எரிவதைப் படம் பிடித்துக் காட்டிவிடும். நியாயம் இருந்தும் தோற்கும் வழக்குகளில் பல இப்படித்தான் தோற்கின்றன.

ஆகவே முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 70,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கிலோகலோரி வேண்டும் என்பதால், அந்தக் குளம் முழுவதையும் ஒரு டிகிரி உயர்த்த 70,000 கிலோகலோரி தேவை. 100 கிலோவாட் எரிவாயுவை எரித்து, அதில் 80 சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட்டர் மணிக்குத் தருவது ஏறக்குறைய 69,000 கிலோகலோரி. அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி. 16 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 28 டிகிரிக்கு வர 12 மணி நேரம் ஆகும். இரவில் திறந்து கிடக்கும் குளத்திலிருந்து ஆவியாகப் போகும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். மாலையில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் இறங்கிப் பார்ப்பவருக்குத் தண்ணீர் அப்படியேதான் இருக்கும். அது குறைபாடு ஆகாது.

இந்தக் கணக்கு சமவெளிக்கு உரியது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. எரிவதற்கான ஆக்சிஜனும் குறைவு. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 4 சதவீதம் பர்னர் திறனைக் குறைத்துக்கொள்வது, 2,000 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கு அமெரிக்க எரிவாயு நடைமுறையில் உள்ள வழக்கமான கணக்கு. அதன்படி மேற்சொன்ன ஹீட்டர் கொடைக்கானலில் கால்பங்குக்கும் மேல் திறன் இழக்கும். 12 மணி நேர வேலை 16 மணி நேரத்தைத் தாண்டும். ஊரின் பெயரைத் தெரிந்துகொண்டே, சமவெளிக் கணக்கில் மெஷின் கொடுத்த விற்பனையாளர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16(1) கைகொடுக்கும். எந்தத் தேவைக்கு வாங்குகிறோம் என்பதை வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கியிருந்தால், அந்தப் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிபந்தனையாகவே கருதப்படும். குளத்தின் அளவையும் ஊரையும் குறிப்பிட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, நிறுவனம் இடத்தைப் பார்த்துத் தந்த விலைப்பட்டியல் ஆகியவை இதற்கு உயிரான சான்றுகள். மாறாக, ‘இந்தப் பிராண்டில் இந்த மாடல்தான் வேண்டும்’ என்று வாங்குபவரே கேட்டிருந்தால் அந்தப் பிரிவின் விலக்கு விதி விற்பவரைக் காப்பாற்றும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ‘மெஷினில் கோளாறு இல்லை’ என்ற ஜாப் கார்டு வழக்கைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கோளாறே இல்லாத மெஷினும் அந்தக் குளத்தைச் சூடாக்கவில்லை என்றால், தேர்வு தவறு என்பதைக் கம்பெனியே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதாக அதே கார்டைக் காட்டி வாதிடலாம்.

அதற்கு முன் மூன்றாவது காரணத்தை விலக்கியாக வேண்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குறையும். பிரஷர் சுவிட்ச் ஹீட்டரை அணைத்துவிடும். எரிந்து எரிந்து அணையும். குளிரில் எல்பிஜி ஆவியாவது மெதுவாகும். 100 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு ஏறக்குறைய 8 கிலோ எரிவாயுவைக் கேட்கும். ஓரிரண்டு சிலிண்டர்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சிலிண்டரின் கீழ்ப்பகுதி வியர்த்து, சில சமயம் வெள்ளையாக உறைபனி படிந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். சுடர் அப்போது சிறுத்துவிடும். போதுமான சிலிண்டர்களை இணைத்துத் தருவது பொருத்தும் ஒப்பந்தத்தில் அடங்கியிருந்தால் அதுவும் நிறுவனத்தின் சேவைக் குறைபாடுதான். ஆனால் 2016-ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளின்படி 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி சேமித்து வைக்க உரிமம் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ; ஆறாவது வந்தால் உரிமம் தேவை. வீட்டுச் சமையலுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரை ஹீட்டருக்கு மாட்டியிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துப் போடும்.

ஹீட்டருக்குள் போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் தெர்மாமீட்டர் வைத்து வெப்பநிலை வித்தியாசத்தை அளப்பதுதான் நேரடியான சோதனை. பம்பு மணிக்கு 12,000 லிட்டர் தள்ளினால், மேற்சொன்ன ஹீட்டரில் சமவெளியில் ஐந்தரை டிகிரிக்குச் சற்று மேலும், கொடைக்கானலில் 4 டிகிரி அளவிலும் வித்தியாசம் வர வேண்டும். 16 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 20-இல் வெளியே வரும். கை வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். ஆகவே கை சொல்வது சாட்சி ஆகாது, அளவு வேண்டும். வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை என்றால் பர்னரோ ஹீட் எக்ஸ்சேஞ்சரோ பழுது என்று நம்பலாம். இந்த அளவுகளைத் தேதி, நேரம், மீட்டர் படத்துடன் சில நாட்கள் எழுதி வைக்க வேண்டும். வெளி மெக்கானிக்கை அழைத்து மெஷினைத் திறப்பது பெருந்தவறு: வாரண்டி போகும், மெஷினில் கைவைத்து மாற்றிவிட்டார்கள் என்ற எதிர்வாதமும் வரும். தகுதியுள்ள பொறியாளர் திறக்காமலே அளந்து தரும் அறிக்கை போதும். எரிவாயு நெடி அடித்தால் மட்டும் சான்று, வழக்கு எதையும் யோசிக்கக் கூடாது. வால்வை மூடிவிட்டு, அங்கிருந்து விலகி 1906-ஐ அழைக்க வேண்டும்.

வாடகைக்கு விடுவது குறித்த கேள்வி முக்கியமானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பொருளின் மதிப்பைவிட, அது எதற்குப் பயன்படுகிறது என்பதே அளவுகோல். குடும்பம் குடியிருந்துகொண்டு ஓர் அறையை விருந்தினருக்கு விடும் வீடு வேறு, பணியாட்களை வைத்து நடத்தும் ரிசார்ட் வேறு. முன்னதற்கு நுகர்வோர் ஆணையத்தில் வாதிட நல்ல இடம் இருக்கிறது. பின்னதற்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. வணிகத் தகராறாக இருந்து மதிப்பு 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் பொருந்தும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குக்கு முன்கூட்டியே சமரசப் பேச்சு நடத்துவதை அதன் பிரிவு 12அ கட்டாயமாக்குகிறது.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய பிரிவு 34 இடம் தருவதால் திண்டுக்கல் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. விற்றவர், தயாரித்தவர், பொருத்தியவர் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நல்லது. ஒருவர் மற்றவர்மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. பொருள் குறைபாட்டை நிரூபிக்கப் பரிசோதனை தேவைப்பட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப பிரிவு 38(2)(இ) வழிசெய்கிறது. குழாயோடு பிணைத்த ஹீட்டரைக் கழற்றி அனுப்புவது கடினம் என்பதால், நேரில் பார்த்து அறிக்கை தர நிபுணரை நியமிக்கும்படி தனி மனு போடலாம்.

கேட்கும் நிவாரணத்திலும் நிதானம் வேண்டும். பிரிவு 39-இன்படி குறையைச் சரிசெய்தல், மாற்றித் தருதல், பணத்தைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றை ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றித் தரச் சொல்லும்போது முழு வாகனத்தையும் மாற்றும்படி உத்தரவிட முடியாது என்றது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் மட்டும் பழுது என்றால் பணம் முழுவதும் திரும்புவது அரிது. மெஷினே பொருத்தமற்றது என்று நிறுவினால்தான் அந்தக் கோரிக்கை வலுப்பெறும். முதன்மைக் கோரிக்கையாகப் பணத்தையும், மாற்றாகப் போதிய திறனுள்ள ஹீட்டரையும் கேட்பது பாதுகாப்பானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தை இந்த மனுவில் இழுப்பதில் பயனில்லை. பொருளுக்கே நேர்ந்த கேட்டை அந்த அத்தியாயத்தின் ‘தீங்கு’ என்ற வரையறை விலக்கிவிட்டது. புகையால் ஒருவருக்கு மயக்கமோ தீக்காயமோ ஏற்பட்டிருந்தால் நிலைமை வேறு.

காலவரையறை பிரிவு 69-இன்படி வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். மெக்கானிக் வரும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகத் தொடங்கும் என்று நம்பியிருப்பது ஆபத்து. ஹீட்டர் ஓட்டிக் காட்டப்பட்ட நாளையே தொடக்கமாகக் கொண்டு எண்ணி, அதற்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். சாதகமாக உத்தரவு வந்து, நிறுவனம் மேல்முறையீடு செய்ய விரும்பினால், 45 நாட்களுக்குள் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிய பிறகே மாநில ஆணையம் அதை எடுத்துக்கொள்ளும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், பிரிவு 71-இன்கீழ் உத்தரவை நிறைவேற்றும் மனுவும், மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழிவகுக்கும் பிரிவு 72-இன்கீழ் மனுவும் அதே ஆணையத்திலேயே போடலாம்.