சுவருக்கு நாலு விரல் தள்ளி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று வருஷமாகச் சிரசாசனம் பழகியும் சுவரை விட்டு வரப் பயமாக இருக்கிறது என்கிறாய். அடுத்த மாதம் முதல் காலை ஆறு மணி வகுப்பை நீயே எடுக்க வேண்டும், தன்னம்பிக்கை இல்லாதவள் பிறருக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

முதலில் சுவர். சுவரோரம் நிற்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் எவ்வளவு தள்ளிக் கை கோக்கிறாய்? பயத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் சிலர் ஒரு முழம் தள்ளி வைப்பார்கள். கால் மேலே போய்ச் சாயும்போது முதுகு வில்லாக வளைந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். கோத்த விரல்களுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம் போதும். ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொள். குதிகால் சுவரில் பட்டதும் முன்கை தரையை அழுத்துகிறதா, தோள் காதை விட்டு விலகி நிற்கிறதா என்று பார். பாரம் கழுத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு குதிகாலை எடு, பிறகு மற்றதை. இரண்டு மூச்சு நின்றாலும் போதும்.

அப்புறம் இறங்குவது. தொப்பென்று ஒரு காலைப் போடாமல் முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி, பாதம் தரையைச் சத்தமில்லாமல் தொடும்படி இறங்கு. நெற்றியைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் கிட. சத்தமில்லாமல் இறங்க வந்த பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. ஏறும் வித்தை அதற்கு ஒரு வருஷம் முன்பே கைவந்திருந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. 1888-இல் பிறந்து, மைசூரில் யோகம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து, 1989-இல் இங்கேயே மறைந்த கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் ஒவ்வொரு கடினமான ஆசனத்துக்கும் ஒரு பிரதிக்கிரியை, அதாவது ஈடுகட்டும் எதிர் ஆசனம், உண்டு. சிரசாசனத்துக்குப் பின் சர்வாங்காசனம். உள்ளே போகும் வழியோடு வெளியே வரும் வழியையும் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் கதை ஒன்று. இருபத்துநாலு வயசில் ஒரு பெரிய வகுப்பில் சேர்ந்திருந்தேன். எங்கே, யாரிடம் என்பது வேண்டாம். பச்சிமோத்தானாசனத்தில் குனிந்திருந்தேன். நெற்றி முழங்காலைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. மாஸ்டர் பின்னால் வந்து முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். தொடைக்குப் பின்னால் எரிந்தது. “போதும் மாஸ்டர்” என்று சொல்ல வாய் வந்தது. பக்கத்துப் பாய்ப் பெண் நெற்றியைத் தொட்டுவிட்டிருந்தாள், அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். உட்காரும் எலும்புக்குக் கீழே ‘டொக்’கென்று ஒன்று கேட்டது. எனக்கு மட்டும் கேட்ட சத்தம். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் பஸ் சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன்.

அவர் மேல் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைவிட அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. நீ தேடுகிற தன்னம்பிக்கை அந்த வார்த்தைக்குள்தான் இருந்தது. தசை இழுபடும் வலியும் எரிகிற வலியும் வேறு வேறு. முன்னது மூச்சு விடவிடத் தளரும். பின்னது வந்தால் மூச்சே நின்றுபோகும். இந்த வித்தியாசம் உன் உடம்புக்கு மட்டுமே தெரியும், பக்கத்துப் பாய்க்குத் தெரியாது. தினமும் பாயில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு, ஆபீசிலும் வீட்டிலும் “இவ்வளவுதான் முடியும்” என்று சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கும். எனக்கு அப்படித்தான் திறந்தது, நாற்பது வயசுக்கு மேல்.

சுவரையும் நாற்காலியையும் கைத்தடியாக நினைத்து வெட்கப்படுகிறாய். யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக அடிபட்டவர். கயிறு, கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். 1966-இல் வந்த அவருடைய யோகப் புத்தகத்தின் படங்களைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் இந்த நாற்காலியை மறந்துவிடுகிறார்கள். பதஞ்சலி வைத்த ஏறக்குறைய இருநூறு யோக சூத்திரங்களில் ஆசனத்துக்கு மூன்றே மூன்று. அதிலும் தலைகீழாக நிற்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. சமாதிக்குப் போகும் வழியைச் சொல்லும்போது அவர் முதலில் வைப்பது சிரத்தையை. நம் ஊரில் ‘சிரத்தையாகச் செய்’ என்று பெரியவர்கள் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான்.

மாமல்லபுரம் போயிருப்பாய். அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் தவசியை எல்லோரும் பார்ப்பார்கள். அர்ஜுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கீழே வலப்பக்கம் ஒரு பூனையும் தவசி வேஷத்தில் அதே மாதிரி கையைத் தூக்கி நிற்கிறது, காலடியில் எலிகள். பல்லவச் சிற்பிக்கு நல்ல குறும்பு. கைபேசிக்கு முன்னால் ஆசனம் போடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வரும். (நானும் போட்டிருக்கிறேன். ‘லைக்’ வந்தது, முழங்கால் வலியும் வந்தது.)

விருட்சாசனத்தில் ஆடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆடத்தான் வேண்டும். வெறுங்காலோடு நின்று கணுக்காலைக் குனிந்து பார். உள்பக்கம் ஒரு நரம்பு துடிக்கும், உடனே வெளிப்பக்கம் ஒன்று இழுக்கும், பெருவிரல் தரையைக் கவ்வும், சுண்டுவிரல் விடும். கண்ணும் காதின் உட்புறமும் பாதமும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் இந்த ஆட்டம். கண்ணை மூடினால் ஒரு செய்தி நின்றுபோகும், ஆட்டம் கூடும். இருபது வருஷம் பழகிய என் கணுக்காலும் ஆடுகிறது. முன்பு ஆட்டம் தொடங்கியதும் காலை ஊன்றிவிடுவேன். இப்போது ஊன்றாமல் வேடிக்கை பார்க்கிறேன், அவ்வளவுதான்.

வகுப்பு விஷயம் சுருக்கமாக. குரல் நடுங்குவது மூச்சு மேல்நெஞ்சில் நிற்பதால். வகுப்பு நடக்கும் மாடிக்குப் போகுமுன் படிக்கட்டில் உட்கார்ந்து, நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடு, பத்து முறை. ஆசனத்தைச் செய்துகாட்டிக்கொண்டே பேசாதே. செய்துகாட்டு, எழுந்திரு, பிறகு பேசு. பிரஷர், கண் அழுத்தம் இருப்பவர்களை முதல் நாளே தனியாகக் கேட்டு வைத்துக்கொள், அவர்களைத் தலைகீழாக நிறுத்தாதே. யாராவது உனக்குத் தெரியாததைக் கேட்டால் “தெரியாதும்மா, கேட்டுச் சொல்றேன்” என்று சொல். சொன்ன மாதிரி மறுநாள் பதிலோடு போ. யார் முதுகிலும் கை வைத்து அழுத்தாதே, கெஞ்சிக் கேட்டாலும்.

ஒன்று மறந்துவிட்டேன். அவர்களைப் பார்த்து நின்று செய்யும்போது நீ இடது கையைத் தூக்கிக்கொண்டு “வலது கை” என்று சொல்ல வேண்டும், கண்ணாடி மாதிரி. முதல் வாரம் குழம்பும். இடது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கொள். முதல் நாள் நானும் வந்து கடைசி வரிசையில் பாய் விரிக்கிறேன். என்னைப் பார்த்துச் சரிபார்க்காதே. எனக்கு இன்னமும் இடது வலது தகராறுதான்.

அன்புடன்,
அக்கா