இரு பொறிகள், ஒரு நெம்புகோல்

நுழையும்முன்

வானலைகளால் இயக்கப்படும் மாதிரி வானூர்தியைச் சிறுவர் விளையாட்டாகவே பலர் எண்ணுவர். இயற்பியல் வகுப்பில் கற்கும் திருப்பு விசையும் விம்மலும் அதன் இறக்கைகளில் கண்ணெதிரே செயற்படுவதை இப்பாடம் காட்டுகிறது.

ஒற்றைப் பொறி கொண்ட மாதிரி வானூர்தியின் பொறி வானில் நின்றுவிட்டால், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்துச் சறுக்கி இறங்கச் செய்யலாம். இரட்டைப் பொறி வானூர்தியில் ஒன்று நின்றாலும் மற்றொன்று காக்கும் என்று தோன்றும். அத்தோற்றம் முழு உண்மையன்று. பொறிகள் உடலின் நடுவில் இல்லாமல், இரு இறக்கைகளிலும் தள்ளி அமைந்துள்ளன. இடப்பொறி நின்றால், வலப்பொறி தன் பக்கத்தை முன்னே தள்ளும். நின்றுபோன சுழல்விசிறியோ காற்றைத் தடுத்துத் தன் பக்கத்தைப் பின்னே இழுக்கும். மூக்கு இடப்புறம் திரும்ப, வேகமாக முன்செல்லும் வல இறக்கை உயர, வானூர்தி இடப்புறம் கவிழத் தொடங்கும்.

இதனைத் தடுக்க வல்லது வாலிலுள்ள சுக்கான். ஆனால், அதன் விசை காற்று வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகும். தரையைவிட்டு எழும் நேரத்தில் வேகம் குறைவு. பொறியின் ஆற்றலோ உச்சம். அந்நேரத்தில் ஒரு பொறி நிற்பதே மிகக் கொடியது.

பெரிய வானூர்திகளும் இதற்கு விலக்கல்ல. 1939ஆம் ஆண்டு முதன்முதலில் பறந்த அமெரிக்க இரட்டைப் பொறிப் போர் வானூர்தி லாக்ஹீட் பி-38 லைட்னிங். மாதிரி செய்வோர் பெரிதும் விரும்பும் வடிவம் அது. பின்னர்ப் பெருமளவில் உருவாக்கப்பட்டவற்றில், அதன் சுழல்விசிறிகள் எதிரெதிர்த் திசைகளில் சுழன்றன. அப்படியிருந்தும், எழும்போது ஒரு பொறி நிற்க, மற்றது முழுவிசையில் இயங்கியதால் கவிழ்ந்து வீழ்ந்தவை உண்டு. இயங்கும் பொறியின் விசையை முதலில் குறைத்து, வானூர்தியை நேராக்கி, பின்னரே சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும் என்று விமானிகளுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது.

மாதிரியை இயக்குபவருக்கு இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. அவர் தரையில் நிற்கிறார். வானூர்தி திரும்புவதை உடலால் உணர இயலாது. தம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். எந்தப் பொறி நின்றது என ஆராய்வதற்குள் உயரம் தீர்ந்துவிடும். விசை நெம்புகோலைக் கீழிறக்குவதற்கு அந்த விடை தேவையில்லை. எப்பொறி நின்றிருந்தாலும் சமனின்மை உடனே குறையும். கை மட்டும் பழக்கத்தால் நெம்புகோலை மேலே தள்ளவே விரையும்.

ஆகவே, பொறிகள் நில்லாதபடி தரையிலேயே சீர்செய்தல் முதற்பணியாகிறது. மெத்தனாலில் இயங்கும் சிறு பொறிகளில் உயவு எண்ணெய் எரிபொருளுடனேயே கலந்து வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். பொறி சூடேறி நிற்கும். எனவே, ஊசித் திருகை மூடிக்கொண்டே சென்று உச்ச வேகத்தைக் கண்டபின், சிறிது திறந்து, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துவர். ஒவ்வொரு பொறியையும் தனித்தனியே இவ்வாறு சீர்செய்வர். உதவியாளர் வானூர்தியை உறுதியாகப் பிடித்து, சுழல்விசிறிகளுக்கு விலகி நின்று, மூக்கை மேல்நோக்கி உயர்த்தும்போதும் பொறியின் ஒலி தளரக்கூடாது.

பின்னர் இரண்டையும் ஒருங்கே இயக்கிச் செவிமடுப்பர். ஓர் இருவீச்சுப் பொறி நிமிடத்திற்கு 12,000 முறையும் மற்றது 12,120 முறையும் சுழன்றால், நொடிக்கு 200, 202 என அமையும். ஒலி நொடிக்கு இருமுறை ஏறி இறங்கும். இதுவே விம்மல். மெதுவான பொறியை விரைவாக்க முயல்வது தவறு; விரைவான பொறியின் திருகைச் சற்றுத் திறந்து அதன் வேகத்தையே குறைப்பர். விம்மல் மெல்ல மெல்ல நீண்டு, இறுதியில் ஒரே முழக்கமாகும்.