காட்டுல யாருண்ணா கூட்டுறா?

போன மாதம் எங்கள் ஊர்க் கோவிலில் கோத்தோங் ரோயோங். மாமரச் சருகையெல்லாம் கூட்டிக் குவித்துவிட்டு, தீ வைக்கலாம் என்று நின்றோம். அப்போது படிவம் இரண்டு படிக்கும் தம்பி ஒருவன், "அண்ணா, காட்டுல யாருண்ணா கூட்டுறா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் படிப்பது பொறியியல். வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

காட்டில் கூட்டுவது பூஞ்சை, பாக்டீரியா, கறையான், மண்புழு, மரவட்டை. சருகுதான் அவற்றுக்குச் சாப்பாடு, ஆனால் சத்தில்லாத சாப்பாடு. இலை உதிரும் முன்பே மரம் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறையப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் படித்த நைட்ரஜன்தான் தழைச்சத்து, பாஸ்பரஸ் மணிச்சத்து. மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். நுண்ணுயிரின் உடம்பில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 8 பங்கு கார்பன் இருக்கிறது. காய்ந்த சருகில் அது 50 பங்குக்கு மேலும் போகும். குழம்பே இல்லாமல் வெறும் சோற்றை எவ்வளவு சாப்பிட முடியும், சொல்லுங்கள்? குறைகிற சத்தை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மண்ணும் ஏழையாக இருந்தால் வேலை மந்தமாகிவிடும்.

இதை அளக்கும் முறை ரொம்ப எளிமை. உலர்த்தி எடைபோட்ட சருகை வலைப்பையில் கட்டிக் காட்டுத் தரையில் வைப்பார்கள். சில வாரம் கழித்து எடுத்து மறுபடி நிறுப்பார்கள். எடை குறைகிற கோடு, நாங்கள் லேப்பில் பார்க்கும் கெப்பாசிட்டர் காலியாகும் கோடு மாதிரியே இருக்கும்: முதலில் வேகம், போகப்போக மந்தம். அதே சமன்பாடுதான்! இதைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தப் பாடத்தில் உண்மையாகவே ஆர்வம் வந்தது.

பனாமாவில் ஹிகாந்தே தீபகற்பத்தில் 1998 முதல் ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் காட்டுக்கே உரம் போட்டுப் பார்த்து வருகிறார்கள். மணிச்சத்து போட்ட இடத்தில் சருகு வேகமாக மட்கியது. காரணம் இருக்கிறது. தழைச்சத்தைச் சில பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே பிடித்துவிடும். மணிச்சத்து பாறையிலிருந்துதான் வரவேண்டும். நம் நாட்டைப் போன்ற மழை நாடுகளின் பழைய செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

அதற்காக உரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். லிக்னின் அதிகமுள்ள முரட்டுச் சருகில் தழைச்சத்து கூடினால் சில வேளை மட்குவது தாமதமாகும். லிக்னினை உடைக்கும் பூஞ்சைகள் அப்போது அந்த வேலையைக் குறைத்துக்கொள்கின்றன.

சரவாக்கின் பாக்கோ தேசியப் பூங்காவில் கெராங்காஸ் காடு இருக்கிறது. நெல் விளையாத நிலம் என்று பொருள்படும் ஈபான் சொல் அது. வெள்ளை மணல், தடித்த சிறு இலைகள், தே-ஓ நிறத்தில் ஓடைநீர். சத்து கிடைக்காத அந்த மண்ணில் கெண்டிச் செடி பூச்சி பிடித்துத் தழைச்சத்து தேடுகிறது. இப்படிப்பட்ட காட்டின் செல்வம் மண்ணில் இல்லை, மரத்திலும் சருகிலும்தான் இருக்கிறது. வெட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும், சாம்பலில் மிஞ்சுவதை மழை அடித்துக்கொண்டு போகும். பிறகு அங்கே காடு திரும்புவது சுலபமில்லை.

எங்கள் சருகுக் குவியலிலும் நடக்கவிருந்தது அதுதானே? நிர்வாகத்தில் ஒரு பெரியவர், "இத்தனை வருஷமா எரிச்சுத்தான் வர்றோம்" என்றார். ஒரு மூலையை மட்டும் கேட்டு வாங்கினோம். குழி வெட்டி, மாஞ்சருகு ஓர் அடுக்கு, பூஜை முடிந்த பூ, வில்வம், வாழைத்தண்டுத் துண்டுகள் ஓர் அடுக்கு என்று போட்டு வருகிறோம். பச்சையில் தழைச்சத்து அதிகம், அதுதான் சருகுக்குக் குழம்பு. இப்போது பூவெல்லாம் கறுத்துக் கரைந்துவிட்டது. மாவிலை இன்னும் நரம்போடு கிடக்கிறது. மாலைகளிலிருந்து நைலான் நூலை உருவி எடுப்பது கேள்வி கேட்ட தம்பியின் பொறுப்பு.