குடியைக் கெடுக்கும் குடி

தமிழில் ‘குடி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. குடும்பத்தையும் குடி என்கிறோம். மது அருந்தும் தீய பழக்கத்தையும் குடி என்கிறோம். ஓசையால் ஒன்றுபட்ட இவ்விரண்டும் ஓரில்லத்தில் ஒருங்கு வாழ்தல் அரிது. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்னும் பழமொழி இவ்வுண்மையை மூன்றே சொற்களில் உரைக்கின்றது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். அதனை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தார். குடிப்பழக்கம் ஒருவனுடைய ஒழுக்கத்தோடு அவன் பொருளையும் புகழையும் உறவையும் சேர்த்தே அழிப்பதாகலின், அவ்வைப்பு மிகப் பொருத்தமுடையதேயாம்.

இப்பழக்கம் எவரையும் ஒரே நாளில் அடிமைப்படுத்துவதன்று. நண்பர் வற்புறுத்தலாலோ, உடல் அலுப்புத் தீரும் என்னும் எண்ணத்தாலோ ஒருவன் முதன்முறை அருந்துகிறான். அன்று குடிப்பதும் விடுப்பதும் அவன் விருப்பத்தைப் பொறுத்தவை. நாளடைவில் மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. பழைய அளவு போதாதாகிறது. மது கிடையாதபோது கைகள் நடுங்குகின்றன, உறக்கம் அகல்கின்றது, உள்ளம் பதைக்கின்றது. அந்நடுக்கத்தைப் போக்கவே அவன் மீண்டும் குடிக்கிறான். இன்பத்தை நாடித் தொடங்கியவன், இப்போது துன்பத்துக்கு அஞ்சிக் குடிக்கின்றான். உடலிற் புகும் நஞ்சை முறிப்பது கல்லீரலின் தொழில். அக்கல்லீரலோ முதலிற் கொழுப்பேறி, பின்பு அழற்சியுற்று, இறுதியில் தழும்பேறிச் சுருங்குகின்றது.

இக்கேடு அவனோடு நின்றுவிடுகின்றதா? இல்லை. பிற இல்லங்களில் மாலையில் தந்தையின் காலடி ஓசை கேட்டதும் குழந்தைகள் வாயிலுக்கு ஓடி வருவர். குடிப்பவன் இல்லத்திலோ அவ்வோசை கேட்டதும் மூலையில் ஒடுங்குவர். மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குச் செல்லும். பின்னர் வீட்டிலுள்ள பாத்திரங்களும் அவ்வழியே செல்லும். கணவனுக்குக் காய்ச்சல் என்று அவள் வேலை தந்தவரிடம் பொய்யுரைப்பாள். மூத்த மகள் தம்பி தங்கையர்க்குத் தாயாகித் தன் படிப்பை மறப்பாள். மகனுடைய புத்தகம் திறந்திருக்கும். அவன் செவியோ தெருவை நோக்கியிருக்கும். இவருள் எவரும் ஒரு துளி மதுவும் அருந்தியவரல்லர். ஆயினும் அதன் துன்பம் இவர் அனைவரையும் சூழ்ந்துகொண்டது.

சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் தம் கணவரை இளமையிலேயே இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் துயரத்தில் முடங்கிவிடவில்லை. தாம் பட்ட துன்பம் பிறர் படலாகாது என்று எண்ணி, 1980-ஆம் ஆண்டில் சென்னையில் குடிக்கு அடிமையானோர்க்கென மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார். நோயாளர்க்கு மட்டுமன்றி, அவர்தம் குடும்பத்தார்க்கும் அறிவுரையும் ஆறுதலும் அங்கு அளிக்கப்பட்டன. இத்தொண்டினைப் பாராட்டி 1992-ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மாணவர்களே! முதற் கோப்பையை மறுப்பது எளிது; நூறாவது கோப்பையை மறுப்பது அரிது. ஆதலின் நண்பர் நகைப்பினும் முதலிலேயே மறுத்துவிடுங்கள். உங்கள் இல்லத்தில் எவரேனும் இதற்கு அடிமையாகியிருப்பின், அது உங்கள் குற்றமன்று. நாணத்தால் மறைக்க மறைக்க அந்நோய் வளரும். நம்பத்தக்க ஆசிரியரிடமோ உறவினரிடமோ மனம் விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் இதனை நோயென்றே கருதுவர். அதற்குரிய மருத்துவமும் உண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உடலுக்கு ஊறு விளைத்தலும் கூடும். ஆகவே மருத்துவர் துணையோடு நிறுத்துதலே நன்று.

கள்ளுண்ணாமையை உரைத்த அதே பொருட்பாலில், தன் குடியை உயரச் செய்வதற்கும் ‘குடிசெயல்வகை’ என ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். மதுக்குடியை விலக்கி மனைக்குடியை உயர்த்துதல் நம் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாம்.